நாள்பட்ட வலி, ஐபிஎஸ், கட்டு மாற்றும் வேதனை: ஹிப்னாஸிஸை எங்கே நம்பலாம், எப்படிச் செய்வது?

பிசியோ_காரிமங்கலம்

வணக்கம். காரிமங்கலம், பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுக்கும்போது மூன்று விதமான நோயாளிகளிடம் மருந்தும் பயிற்சியும் ஒரு கட்டத்துக்கு மேல் நகர மாட்டேன் என்கின்றன. முதலாவது, முதுகும் கழுத்தும் பலகை மாதிரி இறுகி, வருடக்கணக்கில் வலியிலேயே இருப்பவர்கள். இரண்டாவது ஐபிஎஸ் (குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலே வயிற்று வலியும் மலப்போக்குத் தொந்தரவும் நீடிக்கும் எரிச்சல் குடல் நோய்): ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்து "ஒண்ணும் இல்லைங்க" என்று அனுப்பப்பட்டவர்கள். மூன்றாவது, தீக்காயத்துக்கோ அறுவைப் புண்ணுக்கோ கட்டு மாற்றும் ஒவ்வொரு தடவையும் துடித்துப் போகிறவர்கள்.

இந்த மூன்றுக்கும் ஹிப்னாஸிஸ் உதவும் என்று படிக்கக் கிடைக்கிறது. வீட்டில் அந்தச் சொல்லை எடுத்தாலே "வசியமா?" என்று கேட்கிறார்கள். இன்னொரு பக்கம் சுவர் விளம்பரங்களில் குடி, சர்க்கரை, ஞாபக மறதி எல்லாவற்றுக்கும் இதையே மருந்தாகச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே உண்மை எங்கே என்று தெரிய வேண்டும்.

கேட்க நினைப்பவை: மூளையில் நிஜமாகவே ஏதாவது மாறுகிறதா, இல்லை இது வெறும் பிளாசிபோவா (மருந்தே இல்லாத மாத்திரையிலும் நம்பிக்கையால் வரும் பலன்)? கட்டு மாற்றும் நேரத்தில் செவிலியரோ பிசியோவோ என்ன பேசலாம், எதைப் பேசவே கூடாது? ஐபிஎஸ்ஸுக்கு எத்தனை அமர்வு, எப்படி? யாருக்குச் செய்யவே கூடாது, யாரிடம் அனுப்புவது? அனுபவக் கதை வேண்டாம். செய்முறையும் ஆய்வு சொல்வதும் கிடைத்தால் போதும்.

---

மனநலன்_ஓசூர்

மேடம், முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மற்றதை அந்தந்தத் துறைக்காரர்கள் சொல்லட்டும்.

வசியம் என்றால் அடுத்தவர் மனதைப் பிடிப்பது. இங்கே நடப்பது வேறு. கவனம் ஒரு இடத்தில் குவிகிறது, சுற்றி நடப்பது பின்னுக்குப் போகிறது, சொல்லப்படும் யோசனையை (சஜஷன்) உடம்பு அனுபவமாகவே எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஹிப்னாஸிஸ் பிரிவு 2014-ல் கொடுத்த வரையறையின் சாரம் இதுதான். நோயாளிக்குக் காது கேட்கும், பேச வரும், வேண்டாம் என்று தோன்றினால் எழுந்து போகலாம். இது தூக்கம் கிடையாது. ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பிய ஜேம்ஸ் பிரெய்டே பிறகு, தூக்கத்தைக் குறிக்கும் அந்தப் பெயர் தப்பு, 'ஒரே எண்ணத்தில் நிற்றல்' என்று வைத்திருக்கலாம் என்று 1847-ல் மாற்றப் பார்த்தார். பழைய பெயரே நிலைத்துவிட்டது, பயமும் அதோடு ஒட்டிக்கொண்டது. வீட்டில் பேசும்போது "கவனத்தை மாத்தி வலியைக் குறைக்கிற பயிற்சி" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, பயமும் வராது. "இதுக்குப் பேர் ஹிப்னாஸிஸ்" என்பதையும் அதே பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். பெயரை மறைத்துச் செய்வது சம்மதம் வாங்காமல் செய்வதற்குச் சமம்.

மூளையில் மாறுகிறதா என்றால், ஆம். பியர் ரெய்ன்வில் குழு 1997-ல் வெளியிட்ட ஆய்வு இதில் அடித்தளம். 47 டிகிரி வெந்நீரில் கையை வைக்கச் சொல்லி, வலியின் *வேதனை* மட்டும் கூடுகிறது, குறைகிறது என்று சஜஷன் கொடுத்தார்கள். மூளையின் செயல்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேனில், வலியின் வேதனையோடு தொடர்புள்ள முன் சிங்குலேட் பகுதியின் செயல்பாடு அதற்கேற்ப ஏறி இறங்கியது. சூட்டின் அளவைப் பதிவு செய்யும் முதன்மை உணர்வுப் புறணி அப்படி மாறவில்லை. 2001-ல் ஹோஃப்பவர் முதலானோர் சஜஷனின் வார்த்தையை மாற்றி, வலியின் *அளவே* கூடுகிறது, குறைகிறது என்றார்கள். இந்த முறை உணர்வுப் புறணி மாறியது. ஆக, என்ன வார்த்தை சொல்கிறோமோ அதற்குத் தக்க இடம் மூளையில் அசைகிறது. "வலி இருக்கு, ஆனா தூரமா நிக்குது, உங்களைத் தொந்தரவு பண்ணல" என்பது ஒரு சஜஷன். "அந்த இடம் மரத்துப் போகுது, ஊசி முனை அளவுக்குச் சுருங்குது" என்பது இன்னொன்று. இரண்டையும் கலந்து உளறாமல், எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பேச வேண்டும்.

பிளாசிபோவா என்ற கேள்விக்கும் சோதனை உண்டு. கோல்ட்ஸ்டீனும் ஹில்கார்டும் 1975-ல் நாலாக்ஸோன் கொடுத்துப் பார்த்தார்கள். ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலிநிவாரணத்தை ரத்து செய்யும் அந்த மருந்து, ஹிப்னாஸிஸ் தந்த வலிக்குறைவை அசைக்கவில்லை. மூன்று வருடம் கழித்து, பல் பிடுங்கியவர்களிடம் பிளாசிபோ தந்த வலிக்குறைவை அதே மருந்து குறைத்தது. எதிர்பார்ப்பு என்பது இரண்டிலுமே ஒரு பங்கு வகிக்கிறது, அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டும் ஒரே வழியில் ஓடவில்லை.

எல்லோருக்கும் ஒரே அளவில் பலிக்காது. இதை முன்பே சொல்லாமல் விடுவதுதான் பெரிய ஏமாற்றத்தைத் தருகிறது. பத்திலிருந்து பதினைந்து சதவீதம் பேர் மிக எளிதாக உள்ளே போவார்கள், அதே அளவுக்குச் சிலர் ஏறக்குறைய போகவே மாட்டார்கள், மீதிப் பேர் நடுவில். அளப்பதற்கு ஸ்டான்ஃபோர்ட் அளவுகோலின் சி வடிவம் (1962, 12 சோதனைகள்) இன்றும் அடிப்படை. இது அவரவர் இயல்பு. 25 வருடம் கழித்து அதே ஆட்களை மறுபடி அளந்தபோது ஒட்டுறவுக் கெழு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.71 வந்தது. மன உறுதி குறைந்தவருக்குத்தான் பலிக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. 2019-ல் 85 ஆய்வுகளை, 3,632 பேரைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வில், நேரடி வலிக்குறைப்பு சஜஷனுக்கு உயர் ஏற்புள்ளவர்களிடம் 42 சதவீதமும் நடுத்தர ஏற்புள்ளவர்களிடம் 29 சதவீதமும் வலி குறைந்தது. இவை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய வலிக்கான எண்கள். பத்து வருட முதுகுவலியில் அதே எண்ணை எதிர்பார்க்கக் கூடாது.

உங்கள் முதல் வகை நோயாளிகளிடம் ஹிப்னாஸிஸுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பலகை மாதிரி இறுகிய முதுகு என்று எழுதியிருக்கிறீர்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அப்படி ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க, எத்தனை வருஷமா?" ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோஸிஸ் (தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடு எலும்பிலும் பல்லிலும் படிந்து வரும் நோய்) தணிப்பும் சேர்ந்திருக்கிறது. நல்ல குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் "ருசி இல்லை" என்று பழைய போர் தண்ணீருக்கே திரும்புகிறவர்கள் இருப்பார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃப்ளோரைடு இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். முதுகெலும்பு எக்ஸ்ரேயோடு முன்கை எக்ஸ்ரேயும் கேளுங்கள். இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது பெரிய தடயம். கால் மரப்பு, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அடங்காமை இருந்தால் அன்றே மேல்மருத்துவமனை. தண்டுவடம் நசுங்குகிறவருக்கு வலியைக் குறைத்து உட்கார வைப்பது நன்மை இல்லை.

காரணம் தெரிந்து, அதற்கான வைத்தியமும் நடந்து, மிச்சமிருக்கும் வலிக்கு ஹிப்னாஸிஸ் நல்ல கருவி.

ஒன்று விட்டுப்போனது: தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பலர் வீட்டில் பேசுவது தெலுங்கோ கன்னடமோதான். சஜஷனை அந்த மொழியில் கொடுக்க ஆள் வேண்டும். சின்ன வயதில் "அழாதே, சரியாயிடும்" என்று எந்த மொழியில் கேட்டார்களோ அந்த மொழியில் உடம்பு சீக்கிரம் தளர்கிறது.

---

மயக்கவியல்_கிருஷ்ணகிரி

கட்டு மாற்றுவது பற்றி.

முதலில் வாயில் வரும் வார்த்தை. ஊசி போடும்போது நம் வார்டுகளில் எல்லோரும் சொல்வது, "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." ஆறுதலுக்காகச் சொல்வது. ஆனால் 2010-ல் 140 கர்ப்பிணிகளிடம் இதையே சோதித்தார்கள். முதுகில் மரப்பு ஊசி போடுமுன் ஒரு குழுவிடம் "பெரிய தேனீ கொட்டினது போல இருக்கும்" என்றார்கள், இன்னொரு குழுவிடம் "அந்த இடத்தை மரக்க வைக்கிறோம், உங்களுக்கு வசதியா இருக்கும்" என்றார்கள். ஊசி, மருந்து எல்லாம் ஒன்றே. வலி மதிப்பெண்ணின் நடு மதிப்பு முதல் குழுவில் 5, இரண்டாவதில் 3. ஹிப்னாஸிஸ் செய்யவே இல்லை, வாக்கியம் மட்டும்தான் மாறியது. எனவே "வலிக்கும்", "எரியும்", "குத்தும்", "கொஞ்சம் பொறுத்துக்கோங்க", "இன்னும் வலிக்குதா?" இவற்றை நிறுத்துவதே பாதி வேலை. "வலிக்காது" என்பதும் உதவாது, அதற்குள்ளும் வலி உட்கார்ந்திருக்கிறது. "குளிர்ச்சியா இருக்கும்", "இப்ப துணியை எடுக்கிறேன், ஈரம் தெரியும்", "எப்படி இருக்கு?" இப்படி மாற்றுங்கள்.

அடுத்து, இது வலி மாத்திரைக்கு மாற்று இல்லை. மருத்துவர் எழுதிய மாத்திரையைக் கட்டு அவிழ்ப்பதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட காஸ் துணியை சலைனால் நனைத்துப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். அந்தப் பத்து நிமிடம்தான் உங்களுக்கான நேரம்.

டிவியை நிறுத்தி, போனை சைலண்டில் போடச் சொல்லுங்கள். கூட இருப்பவர்களில் ஒருவர் போதும், அவரும் பேசக் கூடாது. ஒரே குரல். நோயாளி தலைப்பக்கம் சற்று உயர்த்திச் சாய்ந்திருக்கட்டும். 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "நிறுத்தணும்னா இந்த ஆள்காட்டி விரலைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்" என்று சொல்லி, ஒருமுறை தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சொன்னபடி நிறுத்தவும் வேண்டும். ஒரு தடவை அதை மீறினால் அடுத்த கட்டுக்கு அவர் உங்களை நம்ப மாட்டார்.

பிறகு கூரையில் ஒரு ஓட்டையோ ஃபேனின் நடுப்பகுதியையோ பார்க்கச் சொல்லுங்கள். புருவத்துக்குச் சற்று மேலே பார்வை போகும்படி இருந்தால் கண் சீக்கிரம் களைக்கும். "அதையே பாருங்க. மூச்சை உள்ள இழுங்க, மெதுவா விடுங்க. விடும்போது தோள் இறங்குது. கண்ணு மூடணும்னு தோணுச்சுன்னா மூடிக்கலாம்." மூச்சு வெளியே போகும்போது மட்டும் பேசுங்கள், உள்ளே போகும்போது சும்மா இருங்கள். பேச்சின் வேகத்தை அவருடைய மூச்சே கட்டுப்படுத்திவிடும். பத்திலிருந்து ஒன்று வரை எண்ணி இறக்குங்கள், ஒரு மூச்சுக்கு ஒரு எண்.

இதற்குப் பின் கையுறை மரப்பு, அதாவது கையுறை போடும் அளவுக்குக் கையை மரக்க வைப்பது. புண் இல்லாத கையை எடுத்துக்கொள்ளுங்கள். "இந்தக் கையை மண்பானைத் தண்ணிக்குள்ள விடுறீங்க. விரல் நுனி குளுகுளுன்னு இருக்கு. குளிர்ச்சி மணிக்கட்டு வரைக்கும் ஏறுது. கை மரத்துப் போன மாதிரி, தடிச்ச துணி சுத்தின மாதிரி இருக்கு." இதற்கு இரண்டு, மூன்று நிமிடம் கொடுங்கள், அவசரப்பட்டால் இங்கேதான் கெடும். உங்கள் நகத்தின் பின்பக்கத்தால் இரண்டு கையையும் லேசாகத் தொட்டு "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா, வேற மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள். வேறு என்றால் அந்தக் கையைப் புண்ணுக்குப் பக்கத்தில், நல்ல தோலின் மேல் வைக்கச் சொல்லி, "குளிர்ச்சி அங்க இறங்குது" என்று மாற்றுங்கள். மூச்சு சீராக இருக்கும்போதே கட்டை அவிழ்க்கத் தொடங்குங்கள். வேலை நடக்கும்போது வாய் நிற்கக் கூடாது. அவருக்குப் பிடித்த இடத்தைப் பற்றி, முன்பே கேட்டு வைத்ததை, விவரமாகப் பேசிக்கொண்டே இருங்கள். மாந்தோப்பு என்றால் எந்த மரம், நிழல் எந்தப் பக்கம், பிஞ்சு விழும் சத்தம் எல்லாம் வரட்டும்.

முடித்ததும் பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு: கையில் கொடுத்த மரப்பைத் திரும்ப எடுப்பது. "பானையிலிருந்து கையை வெளிய எடுக்கிறீங்க, சூடு திரும்ப வருது, பழையபடி ஆயிடுச்சு." பிறகு ஒன்றிலிருந்து ஐந்து எண்ணி, ஐந்தில் கண் திறக்க வையுங்கள். இதை விட்டால் அரை மணி நேரம் கை கனமாக, தலை மந்தமாக இருப்பதாகச் சொல்வார்கள். பத்து, பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, பேச்சுக் கொடுத்த பிறகே எழுப்புங்கள். வண்டி ஓட்டுகிறவர் என்றால் இன்னும் கவனம்.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். குரல் வேகம். "முயற்சி பண்ணுங்க" என்ற சொல், இது முடியாது என்ற சந்தேகத்தைக் கூடவே கொண்டுவருகிறது. நோயாளியிடம் கேட்காமல் நாமே காட்சியைத் திணிப்பது, உதாரணமாக தண்ணீருக்குப் பயப்படுகிறவரை ஆற்றுக்குள் இறக்குவது. நடுவில் அழுதுவிட்டால் பதறி உலுக்குவது இன்னொன்று. அழட்டும். "அழுகை வந்தா வரட்டும், நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லி, மூச்சுக்குத் திரும்பக் கூட்டிவந்து, எண்ணி எழுப்பி, அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

ஆய்வு பக்கம்: எல்விரா லாங் குழு 2000-ல் 241 நோயாளிகளிடம், மயக்கம் கொடுக்காமல் ரத்தக்குழாய், சிறுநீரகத்தில் ஊசி வழியாகச் செய்யும் சிகிச்சையின்போது இதைச் சோதித்தது. வழக்கமான கவனிப்பில் 78 நிமிடம் எடுத்த வேலை ஹிப்னாஸிஸ் குழுவில் 61 நிமிடத்தில் முடிந்தது. மயக்க மருந்தும் பாதிக்குக் கீழே போனது. "இதுக்கெல்லாம் நேரம் ஏது" என்று கேட்கிறவர்களிடம் இந்த ஒரு எண்ணைச் சொன்னால் போதும். 2007-ல் மார்பக அறுவைக்கு முன் வெறும் 15 நிமிடம் செய்து, 200 பேரில் வலி, குமட்டல், மயக்க மருந்தின் அளவு எல்லாம் குறைந்ததைக் காட்டினார்கள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1992 முதல் தைராய்டு அறுவையையே உள்ளூர் மரப்பு, லேசான மருந்து, ஹிப்னாஸிஸ் மூன்றும் சேர்த்துச் செய்கிறார்கள். நம் நாட்டிலும் பழைய கதை உண்டு. 1845-ல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் குளோரோஃபார்ம் வருவதற்கு முன்பே மெஸ்மரிசத்தில் (ஹிப்னாஸிஸின் பழைய வடிவம்) பெரிய அறுவைகள் செய்தார். உதவியாளர்கள் மணிக்கணக்கில் உழைத்துத்தான் ஒரு நோயாளியைத் தயார் செய்ய முடிந்தது. ஈதரும் குளோரோஃபார்மும் சில நிமிடத்தில் அதைச் செய்துவிட்டதால் அது மறைந்தது. இன்றைக்கும் அதே கணக்குதான்: மருந்தோடு சேர்க்கும்போது பலன், மருந்தை எடுத்துவிட்டு இதை மட்டும் வைப்பது கொடுமை.

---

பிசியோ_காரிமங்கலம்

மிகவும் பயனுள்ள விவரம், டாக்டர். இரண்டு சந்தேகம். காது மந்தமான பாட்டிமார்களுக்கு மெதுவான குரல் எடுபடாது, கத்திப் பேசினால் தளர்வு வராது, என்ன செய்வது? குழந்தைகளுக்கு இதே முறையா?

---

மயக்கவியல்_கிருஷ்ணகிரி

காது மந்தம் என்றால் தொடுகையை வைத்துக்கொள்ளுங்கள். தோளில் உங்கள் கை இருக்கட்டும். அவர் மூச்சு விடும்போது மிக லேசாக அழுத்தி, இழுக்கும்போது விடுங்கள். நாலைந்து மூச்சில் தாளம் பிடித்துவிடும். நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்கார்ந்து, நாலைந்து சொல்லுக்கு மேல் போகாத வாக்கியமாக, கீழ்க்குரலில் பேசுங்கள். வயதானவர்களுக்கு உயர்ந்த சுருதிதான் முதலில் கேட்காமல் போகிறது. கத்தும்போது நம் குரல் மேலே ஏறிவிடுவதால் இன்னும் புரியாமல் போகும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள், உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்வார்கள்.

குழந்தைகளுக்குத் தனித் தொடக்கமே தேவையில்லை. கண் திறந்தபடியே, ஆடிக்கொண்டே உள்ளே போய்விடுவார்கள். "உன் கையில ஒரு சுவிட்ச் இருக்கு, என்ன கலர்? அதை ஆஃப் பண்ணா கை தூங்கிடும்" என்று தொடங்கி, சுவிட்சின் நிறம், சத்தம் எல்லாம் குழந்தையே சொல்லட்டும். ஊசி வலிக்கு மனவழி உதவிகளைத் தொகுத்த 2018 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வில் கவனத்திருப்பலோடு ஹிப்னாஸிஸும் குழந்தைகளிடம் வலியைக் குறைப்பதாக வந்தது. அம்மா பக்கத்தில் "வலிக்குதாடா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் மொத்தமும் கெட்டுவிடும். எனவே முதல் ஐந்து நிமிடம் அம்மாவுக்குத்தான்.

---

குடல்வழி

ஐபிஎஸ் கேள்விக்கு.

வலியை விடவும் ஹிப்னாஸிஸுக்கு உறுதியான இடம் குடல்தான். 1984-ல் மான்செஸ்டரில் பீட்டர் வொர்வெல், எந்த மருந்துக்கும் அடங்காத 30 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹிப்னோதெரபியும் மறு பாதிக்கு உளவியல் ஆலோசனையோடு பிளாசிபோ மாத்திரையும் கொடுத்தார். வித்தியாசம் பெரிதாக இருந்தது. அங்கிருந்து வளர்ந்து, இங்கிலாந்தில் அரசு மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி 12 மாதம் மருந்துக்கு அடங்காதவருக்கு இதைப் பரிந்துரைக்கும் அளவுக்கு வந்தது.

எண்களைப் பார்த்துப் படிக்க வேண்டும். அதே மான்செஸ்டர் மையம் 2015-ல் 1,000 நோயாளிகளைத் தொகுத்து 76 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் என்றது. அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை, அனுபவம் மிக்க ஒரே மையம். நெதர்லாந்தில் 354 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் போதுமான நிவாரணம் கண்டவர்கள் தனி ஹிப்னோதெரபியில் 41 சதவீதம், குழு ஹிப்னோதெரபியில் 33, வெறும் விளக்கமும் ஆதரவும் பெற்றவர்களில் 17. நோயாளியிடம் சொல்ல வேண்டியது இந்த இரண்டாவது வரிசை. பத்துப் பேரில் நாலு பேர் என்பது ஐபிஎஸ்ஸில் நல்ல எண்தான், கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை. 12 மாதத்தில் குழுவாகச் செய்தவர்களில் 50 சதவீதம் நன்றாக இருந்தார்கள் என்பது நம் ஊர்களுக்கு முக்கியமான செய்தி. ஒரு சிகிச்சையாளர், ஆறு பேர், ஒரு அறை இருந்தால் நடத்திவிடலாம்.

தொடங்குவதற்கு முன் ஐபிஎஸ்தானா என்று உறுதியாக வேண்டும். கடந்த மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி. அதோடு, மலம் கழிப்பதோடு தொடர்பு, எத்தனை முறை என்பதில் மாற்றம், மலத்தின் பதத்தில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு. தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ரத்தம் போவது, எடை குறைவு, ரத்தசோகை, தூக்கத்தில் எழுப்பும் பேதி, மாலைக் காய்ச்சல், 50-க்கு மேல் புதிதாகத் தொடங்குவது இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹிப்னாஸிஸ் பேச்சே எடுக்க வேண்டாம். குடல் காசநோய் நம் நாட்டில் இன்னும் சாதாரணம். கொக்கிப்புழு, ஜியார்டியா (குடல் ஒட்டுண்ணி), பால் செரிக்காமை இவற்றையும் தள்ளிய பிறகு வாருங்கள்.

அமர்வு கணக்கு: நார்த் கரோலினா முறையில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 7 அமர்வு, மூன்று மாதம். மான்செஸ்டரில் 12 வரை போவார்கள். வாராவாரம் ஓசூருக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற முடியாதவருக்கு 7 அமர்வு முறை பொருந்தும். வீட்டில் தினமும் 15, 20 நிமிடம் ஒலிப்பதிவு கேட்பது கட்டாயம். அது இல்லாமல் அமர்வு மட்டும் வருகிறவருக்கு முன்னேற்றம் நிலைப்பதில்லை. சாப்பிட்ட உடனே கேட்க வேண்டாம், படுக்கையில் கேட்டால் தூக்கம்தான் வரும், நாற்காலியில் உட்கார்ந்து கேட்கட்டும். முதல் மூன்று அமர்வில் பலருக்கு ஒன்றுமே தெரியாது. அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். ஆகவே "அஞ்சாவது அமர்வு முடிஞ்ச பிறகு மதிப்பிடலாம்" என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். அளக்க 0 முதல் 500 வரையான ஐபிஎஸ் தீவிர மதிப்பெண் உண்டு. 50 குறைந்தால் நிஜ முன்னேற்றம், 300-க்கு மேல் கடுமை, 175-க்குக் கீழ் லேசு.

உள்ளே போன பிறகு கொடுக்கும் சஜஷன் குடலைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். வெறும் தளர்வு போதாது. உள்ளங்கையை வயிற்றில் வைத்து, இதமான சூடு உள்ளே இறங்குவதாகத் தொடங்குவது வழக்கம். பிறகு ஆறு. பேதிக்காரரிடம் ஒகேனக்கல் பாறைச் சந்துக்குள் நுரைத்துப் பாயும் காவிரியைச் சொல்லி, அது கீழே ஒட்டனூர் பரிசல்துறைப் பக்கம் அகலமாக விரிந்து, அலையே இல்லாமல் நகர்வதைக் காட்டலாம். மலச்சிக்கல்காரருக்கு இதைத் திருப்பிப் போட வேண்டும்: தேங்கிய தண்ணீர் மதகு திறந்து ஓடத் தொடங்குகிறது. இரண்டு பேருக்கும் ஒரே ஒலிப்பதிவைக் கொடுத்துவிடுவது நிறைய இடங்களில் நடக்கும் பிழை. மலச்சிக்கல்காரரின் குடலை இன்னும் அமைதிப்படுத்தினால் அவருக்குக் கஷ்டம்தான்.

உணவுக் கட்டுப்பாட்டோடு ஒப்பிட்ட ஆய்வும் உண்டு. 2016-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு 74 பேரைப் பிரித்து ஹிப்னோதெரபி, ஃபாட்மேப் (குடலில் நொதித்து வாயு உண்டாக்கும் மாவுச்சத்து, சர்க்கரை வகைகள்) குறைந்த உணவு, இரண்டும் சேர்ந்தது என்று பார்த்தது. ஆறு வாரத்தில் மூன்றிலும் 71, 72 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். சேர்த்துச் செய்வதால் கூடுதல் பலன் வரவில்லை. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னால் வீட்டில் சமைப்பவருக்கே தலைசுற்றும். கேழ்வரகுக் களி சாப்பிடுகிறவருக்கு கோதுமை பிரச்சினை இல்லை, குழம்பில் வெங்காயம் இல்லாமல் எப்படி? அப்படிப்பட்ட வீட்டுக்கு ஹிப்னோதெரபி எளிதான வழி.

---

சான்று_தர்மபுரி

சுவர் விளம்பரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மேடம். அதற்கும் கடைசிக் கேள்விக்கும் சேர்த்து.

புகை நிறுத்த: 2019 காக்ரேன் மதிப்பாய்வு 14 ஆய்வுகளை, 1,926 பேரைப் பார்த்து, மற்ற முறைகளை விட ஹிப்னோதெரபி மேல் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை என்றது. சர்க்கரையை இது குணப்படுத்தாது. இன்சுலினை நிறுத்தச் சொல்லும் யாரிடமிருந்தும் நோயாளியை உடனே விலக்குங்கள். விளம்பரத்தில் வராத ஒன்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது: மாதவிடாய் நின்ற பிறகு வரும் உடல் கொதிப்பு. கேரி எல்கின்ஸ் 2013-ல் 187 பெண்களிடம் வாரம் ஒன்றாக ஐந்து அமர்வு கொடுத்தார். 12-வது வாரத்தில் ஹிப்னாஸிஸ் குழுவில் கொதிப்பு 74 சதவீதம் குறைந்திருந்தது, ஒப்பீட்டுக் குழுவில் 17. ஹார்மோன் மாத்திரை எடுக்கக் கூடாத பெண்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் பக்கம் அந்த வயதுப் பெண்கள் இதை வெளியே பேசுவதே இல்லை. வீட்டுக்குள் போகிற நீங்கள் கேட்டால்தான் தெரியும்.

ஞாபகத்தைத் தோண்டுவது மிக ஆபத்து. காணாமல் போன நகையை யார் எடுத்தார் என்று மை போட்டுப் பார்ப்பது போல, ஹிப்னாடிசத்தில் பார்க்கலாம் என்று கூட்டிப் போகிறவர்கள் உண்டு. 1983-ல் லாரன்ஸும் பெர்ரியும், நன்றாக உள்ளே போகக்கூடிய 27 பேரிடம், ஒரு குறிப்பிட்ட இரவில் சத்தம் கேட்டு விழித்ததாக சஜஷன் மட்டும் கொடுத்தார்கள். நடக்காத அந்தச் சத்தத்தை 13 பேர் பிறகு உண்மை நினைவாகவே சொன்னார்கள். 1985-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழுவும் இப்படி எடுத்த நினைவு சாதாரண நினைவை விட நம்பகமானது இல்லை என்று எழுதியது. பொய் நினைவு வந்தவருக்கு அது பொய் என்று தெரியாது, உறுதியாகச் சொல்வார். ஒரு வீட்டு வேலைக்காரர் மேல் பழி விழ அதுவே போதும்.

செய்யக் கூடாதவர்கள்: மனச்சிதைவு, வெறி நிலை (மேனியா), குரல் கேட்பது, யாரோ தன்னைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற எண்ணம் உள்ளவர்கள். அவர்களிடம் "என் குரலைக் கேளுங்க" என்பதே நோயைக் கிளறும். தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு முதலில் மனநல மருத்துவர். போதையில் இருப்பவர், இன்னும் காரணம் கண்டுபிடிக்காத வலி உள்ளவர் இருவரையும் தள்ளி வையுங்கள்.

சட்டம்: மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் எடுத்த நிலைப்படி ஹிப்னோதெரபி தனி மருத்துவ முறை இல்லை. பதிவு பெற்ற மருத்துவரோ தக்க பயிற்சி பெற்றவரோ கையாளும் ஒரு சிகிச்சை வழி, அவ்வளவே. வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழை மட்டும் மாட்டிக்கொண்டு 'டாக்டர்' என்று போட்டுக்கொள்பவரைப் பார்த்தால், எம்.ஃபில் கிளினிக்கல் சைக்காலஜியும் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவும் உண்டா, அல்லது மருத்துவக் கவுன்சில் பதிவு உண்டா என்று கேளுங்கள். சர்க்கரை, வலிப்பு, புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம்.

அனுப்ப வேண்டிய இடம்: தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, மாவட்ட மனநலத் திட்டம், பெரிய சிக்கல் என்றால் பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் மருத்துவமனை). இரவில் அவசரம் என்றால் 14416, டெலி மானஸ் எனும் அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

---

பிசியோ_காரிமங்கலம்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: முதுகு வலிக்காரர்களுக்கு வீட்டுப் பயிற்சிக்கு ஒலிப்பதிவு போனில் பதிந்து கொடுக்கலாமா? நடுவில் தூங்கிப் போனால் விழிக்க வைக்கும் எண்ணிக்கை கேட்காமல் போய்விடுமே?

---

மனநலன்_ஓசூர்

தூங்கினால் தானாக விழிப்பார், அதில் ஆபத்து எதுவும் இல்லை. பலன்தான் குறையும். இரண்டு பதிவு கொடுங்கள்: பகலுக்கு ஒன்று, ஒன்றிலிருந்து ஐந்து எண்ணி விழிக்க வைத்து முடிவது, இரவுக்கு ஒன்று, "இப்படியே தூக்கத்துக்குள்ள போயிடலாம்" என்று முடிவது. பகல் பதிவு 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தொடக்கத்திலேயே "வண்டி ஓட்டும்போது, அடுப்பு பக்கத்துல, கிணத்து மேட்டுல இதைக் கேட்காதீங்க" என்று உங்கள் குரலில் பதிந்துவிடுங்கள். பதிவில் நோயாளியின் பெயரும் அவர் சொன்ன இடமும் வரட்டும், பொதுப் பதிவை விட அதைத்தான் திரும்பக் கேட்பார்கள். முதல் தடவை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்க வையுங்கள். மூச்சு எங்கே சீராகிறது, எந்த வாக்கியத்தில் நெற்றி சுருங்குகிறது என்று பார்த்து, அந்த வாக்கியத்தை வெட்டிவிட்டு மறுபடி பதியுங்கள்.